புழுங்கல் அரிசி காத்த கால்கள்

மாணவர்களே, உங்கள் வீட்டில் புழுங்கல் அரிசிச் சோறு உண்டா? நூறு ஆண்டுகளுக்கு முன் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் உயிரைக் காத்தது அந்தச் சோறுதான்.

அக்காலத்தில் இந்நாட்டைப் பெரிபெரி நோய் ஆட்டிப்படைத்தது. முதலில் கால் மரத்துப்போகும், பிறகு நடை தள்ளாடும். சிலருக்குக் கால் வீங்கி, இதயமே செயலிழக்கும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் ஏராளமாக மடிந்தனர். ஆனால் தோட்டத் தமிழர்களை அது அவ்வளவாகத் தொடவில்லை. மலேரியாவுக்குக் கூட்டம் கூட்டமாகப் பலியானவர்கள்தாம் அவர்களும். உடல்வலு காரணமாக இருக்க முடியாது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் சோற்றுப் பானையைக் கவனித்தார். சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசியையும், தமிழர்கள் புழுங்கல் அரிசியையும் உண்டனர். பழைய வெள்ளை அரிசியில் பூஞ்சை பிடித்து விஷம் உண்டாகிறது என்று 1907-இல் ஒரு நூலே எழுதினார். அரிசிதான் காரணம் என்பது சரி. விஷம் என்பதுதான் தவறு.

அதைக் காட்டியவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும். ஜெலுபுவின் டுரியான் திப்புஸ் காட்டில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. ஏறத்தாழ மூன்று மாதங்களில் வெள்ளை அரிசி உண்டவர்களிடையே நோய் தலைகாட்டியது. புழுங்கல் அரிசிக்கு மாற்றியதும் நின்றது. நோய் கண்ட இடத்திலேயே புழுங்கல் அரிசிக்காரர்களைத் தங்க வைத்தும் அவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. ஆகவே, இது தொற்றுநோயன்று. (மனிதர்களை நோய்வாய்ப்படவிட்டு நடத்தும் இத்தகைய சோதனையை இன்று எவரும் அனுமதிக்கமாட்டார்கள்.)

பிறகு, அன்றே தீட்டிய புத்தம்புது வெள்ளை அரிசியைக் கோழிகளுக்குப் போட்டனர். அவற்றுக்கும் கால் விழுந்தது. பூஞ்சைக்கு அங்கே இடமேது? தவிட்டுச் சாற்றைக் கொடுத்ததும் கோழிகள் தேறின. அரிசியில் ஏதோ சேர்ந்ததால் வந்த நோயன்று, ஏதோ போனதால் வந்த நோய்!

அந்த 'ஏதோ' தயமின், அதாவது வைட்டமின் பி1. 1926-இல் ஜாவாவில் அதைத் தவிட்டிலிருந்து தனியே பிரித்தெடுத்தனர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் நீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடும்.

இன்று பெரிபெரிக்குத் தயமின்தான் மருந்து. இதயம் தளர்ந்த நோயாளிகூடச் சில மணி நேரத்தில் தேறத் தொடங்குவதுண்டு.