பெயரை நம்பிப் போட்ட முதல்

வியாபாரத்தில் முப்பது வருடங்களைக் கழித்தவன் நான். சரக்கைப் பிரித்துப் பாராமல் காசு கொடுக்கும் பழக்கம் என்னிடம் இல்லை. அப்படிப்பட்ட என்னையே ஒரு பூங்கன்று ஏமாற்றிவிட்டது.

புத்தளத்தில் எமது கடை முற்றத்தை அழகுபடுத்த எண்ணி, 'பேர்ட் ஒஃப் பரடைஸ்' என்ற பெயரில் 20 கன்றுகளைத் தலா 600 ரூபாவுக்கு வாங்கினேன். "எந்த வரட்சியையும் தாங்கும்" என்றார் விற்றவர். ஜூன் மாத வெயிலும் காற்றும் தொடங்கியதும் இலையோரங்கள் கருகின. பவுசர் தண்ணீர் வாங்கி ஊற்றியும் ஓகஸ்டில் மிஞ்சியவை மூன்றுதான். 12,000 ரூபாவோடு தண்ணீர்க் காசும் போனது.

கடைக்கு வந்த தோட்டக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நானா, இது ஹெலிகோனியா. எப்போதும் ஈரம் கேட்கும் சாதி. இந்த முற்றத்துக்குச் சரிவராது."

விசாரித்தபோதுதான் விளங்கியது, இந்த ஒரே பெயரில் மூன்று வகைச் செடிகள் அழைக்கப்படுகின்றன. கொக்கின் தலை போன்ற செம்மஞ்சள் பூப் பூக்கும் ஸ்ட்ரெலிட்சியாதான் அசல். தென்னாபிரிக்காவின் கிழக்குப் பகுதிக்குரியது. வேர்கள் தடித்தவை என்பதால் நன்கு ஊன்றிய பின் வரட்சியைத் தாங்கும். ஆனால் விதையிலிருந்து பூக்க 3 முதல் 5 வருடங்கள் பொறுக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். இரண்டாவது, நான் வாங்கிய ஹெலிகோனியா. மூன்றாவது, நமக்கெல்லாம் பழக்கமான மயிற்கொன்றை! அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவன நகரங்களில் இதனையே 'சிவப்பு பேர்ட் ஒஃப் பரடைஸ்' என்று வீதியோரங்களில் நடுகிறார்கள்.

அயல் வீட்டு வேலியில் காய்த்த மயிற்கொன்றை விதைகளைச் சும்மாவே வாங்கி வந்தேன். விதைத்தோல் கடினமானது. அதனைச் சற்று உரசி, ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஒக்டோபர் மழையோடு ஊன்றினேன். நாள் முழுவதும் வெயில் படும் இடம், நீர் வடியும் மணல் தரை. முதல் வரட்சிக்கு மாத்திரம் வாரம் இரு முறை தண்ணீர் விட்டேன். இன்று முற்றம் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கிறது. பூத்து ஓய்ந்ததும் கத்தரித்துவிட்டால் புதிதாகத் துளிர்க்கும். விதை நஞ்சுள்ளது, சிறுபிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்று வாங்குவோர் விற்பனைப் பெயரோடு நின்றுவிடாமல் இனப் பெயரையும் கேளுங்கள். முடிந்தால், உங்கள் ஊர் வெயிலில் அது வளர்ந்து நிற்பதை நேரில் பாருங்கள். விற்போருக்கும் ஒரு வார்த்தை: எனக்கு அந்த நட்டம் ஒரு முறையோடு முடிந்தது. அந்தக் கடைக்காரரோ நிரந்தர வாடிக்கையாளர் ஒருவரை இழந்துவிட்டார்.