மூடிமேல் ஓர் எருமை

பெரு நாட்டில் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மொச்சே குயவர்கள் ஆளைப் பார்த்து ஜாடி செய்தவர்கள். மூக்கு, கன்னம், தலைப்பாகை எல்லாம் அச்சு அசல். உதட்டில் தழும்புள்ள ஒரே மனிதரைப் பல வயதுகளில் காட்டும் ஜாடிகளை அடையாளம் கண்டிருக்கிறார் ஆய்வாளர் கிறிஸ்டோபர் டோனன். அந்நாட்டின் தெற்கே நாஸ்கா மக்கள் பத்துக்கும் மேற்பட்ட வண்ணக் களிமண் குழம்புகளால் மீனும் பறவையும் தீட்டி, அதன் பிறகே சுட்டார்கள். தலைநகர் லிமாவின் லார்கோ மியூசியத்தில் பானைகள் அடுக்கிய கிட்டங்கிக்குள்ளேயே பார்வையாளர்களை விடுகிறார்கள்.

நம் பக்கம் இப்படி ஏதாவது உண்டா என்றால், உண்டு. பாலக்காட்டு அட்டப்பாடிக்கு வடக்கே எழும் நீலகிரியில்.

அங்கே கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் ப்ரீக்ஸ், மலை முகடுகளில் இருந்த கல்வட்ட ஈமக்குழிகளைத் தோண்டிப் பார்த்தார். 1872இல் அவர் இறந்துபோக, மறு ஆண்டு அவர் மனைவி அந்தக் குறிப்புகளைப் புத்தகமாக்கினார். குழிகளில் கிடைத்தவற்றுள் இரும்பும் வெண்கலமும் தங்கமும் உண்டு. எனக்கென்னவோ மண்பாண்டங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. வளையத்தின்மேல் வளையமாக எழும் உயரமான கலம். அதற்குக் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு மூடி. மூடியின் உச்சியில் எருமை நிற்கிறது. இன்னொன்றில் மயில், வேறொன்றில் யானை, சிறுத்தை, குதிரைமேல் ஆள். கண்ணுக்கு ஒரு மண் உருண்டை ஒட்டியிருக்கிறது. வண்ணம் இல்லை, மொச்சே நேர்த்தியும் இல்லை. ஆனால் எருமைக் கொம்பின் வளைவில் குயவர் கை தப்பவில்லை. தினமும் எருமையோடு பழகியவர் செய்தது அது.

தோடர்களின் முன்னோர் செய்தவை என்று ப்ரீக்ஸ் நினைத்தார், மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. தோடர்கள் பானை வனைவதில்லை, மலையில் அந்த வேலை கோத்தர் பெண்களுடையது. அவற்றின் காலமும் இன்னும் தீராத வழக்குதான்.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலான கொங்கு நாட்டில், கொடுமணல் போன்ற ஊர்களில், வேறொரு மரபு: காவிப் பூச்சும் வெள்ளைக் கோடுகளும் கொண்ட பாத்திரங்கள். உருவம் கிடையாது, கோலம் மட்டும். கேரளத்து ஈமக்குழிகளில் நான்கு கால் வைத்த ஜாடிகள் வருகின்றன. ஆனைமலையின் மறுபுறம், இடுக்கி மறையூரில், கற்பலகைகளை நிறுத்தி மூடிய முனியறைகள் பாறைமேல் நிற்கின்றன. முனிவர்கள் தவம் செய்த அறை என்பது ஊர்ப் பேச்சு. பெரும்பாலானவை இன்று வெறும் கல். உள்ளே ஒன்றும் இல்லை.

எழுத்துப் பொறித்த ஓட்டுச்சில்லு ஒன்று கிடைத்தால் நமக்குத் தலைப்புச் செய்தி. எருமை நிற்கும் மூடிக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. பெரு நாட்டில் எழுத்தே இல்லாத மக்களின் பானையை வைத்தே அவர்கள் வாழ்க்கையைப் படிக்கிறார்கள்.

நீலகிரிப் பாண்டங்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. எழும்பூருக்கு ஒருமுறை போய்வாருங்கள். பாலக்காட்டுச் சித்தூர், அட்டப்பாடி, மறையூர்ப் பக்கம் வீட்டுக்கோ கிணற்றுக்கோ தோண்டும்போது தாழி தென்பட்டால், புதையல் என்று உடைத்துப் பார்க்காதீர்கள். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு வில்லேஜ் ஆபீசுக்குச் சொல்லுங்கள்.