கடலில் கால் ஊன்றாதீர்!



நம் வகுப்பறையின் கிழக்குச் சன்னலைத் திறந்தால் போதும், கடற்காற்று உள்ளே வந்து நம் ஏடுகளைப் புரட்டிவிட்டுப் போகும். சாந்தோம் பேராலயத்தைத் தாண்டினால் கடல். மெரினாவில் சுண்டல் தின்றபடி நாம் பார்ப்பதும் கடல். பெசன்ட் நகரில் கணுக்கால் நனைய நின்று கூச்சலிடுவதும் கடல். ஆனால் அந்தக் கடலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், "மீன்" என்ற ஒரே சொல்லில் விடையளித்து விடுவோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து இராமேசுவரம் சென்றபோது, ஒரு நாள் முழுவதும் பாய்ப்படகில் சென்று, முகக்கண்ணாடி அணிந்து கடலுக்குள் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அன்று நாங்கள் கற்றதையும், செய்த ஒரு தவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

"அதற்கு ஏன் இராமேசுவரம் வரை போக வேண்டும்? மெரினாவில் பார்த்தால் ஆகாதா?" என்று கேட்பீர்கள். ஆகாது! நம் கரையில் அலை ஓயாமல் மணலைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. கடற்கரையை ஒட்டிய நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கே மணலைச் சுமந்து செல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர்கள் கட்டியபின் அந்த மணல் அங்கே தடைப்பட்டுக் குவிந்ததால்தான் மெரினா இவ்வளவு அகன்றது. கூவமும் அடையாறும் நகரத்தின் கழிவைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இத்தகைய நீரில் ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. அபாயமும் அதிகம். பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெள்ளை வளைவாக நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னத்தின் நிழலில் நாம் எத்தனையோ முறை அமர்ந்திருக்கிறோம். 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தம் உயிரை இழந்த டென்மார்க் நாட்டு மாலுமியின் நினைவாக எழுப்பப்பட்டது அது. கடல் தெரிந்த மாலுமியையே கொண்டுபோன இடம் நமக்கு விளையாட்டுத் திடல் அல்ல.

கடலுக்குள் பார்ப்பதற்குத் தெளிந்த நீரும், ஆழமில்லாத தரையும், நல்ல வெயிலும் வேண்டும். தமிழ்நாட்டில் இம்மூன்றும் கூடியிருக்கும் இடம் மன்னார் வளைகுடாவும் அதை அடுத்த பாக் விரிகுடாவும். இராமேசுவரத் தீவின் தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பது பாக் விரிகுடா. அவ்வூர் மக்கள் தெற்குக் கடலை "ஆண் கடல்" என்றும் வடக்குக் கடலைப் "பெண் கடல்" என்றும் அழைக்கிறார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் சீறும், வடக்குக் கடல் குளம்போல் இருக்கும். வாடைக் காற்று வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழ். ஆகவே எந்த மாதம் செல்கிறோம் என்பதைப் பொறுத்தே எந்தக் கடலில் இறங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். நாங்கள் சென்றது மே மாதத் தொடக்கம். ஆகையால் பெண் கடலில் இறங்கினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. ஆதலால் கடலும் அமைதியாக இருந்தது.

காலை ஆறு மணிக்கே புறப்பட்டோம். வெயில் ஏறுமுன் காற்று மிதமாக இருக்கும் என்றார் படகோட்டி அண்ணன். பாய்ப்படகு எப்படி ஓடுகிறது என்பதை அவர் விளக்கியது மிகச் சுவையானது. காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு முன்னே போகும். இது எவருக்கும் புரியும். காற்று எதிரே வந்தால்? எந்தப் பாய்ப்படகும் காற்றுக்கு நேர் எதிராகப் போக இயலாது. ஆனால் சற்றுச் சாய்வாகப் போகலாம். வலப்புறம் சாய்வாகக் கொஞ்ச தூரம், பிறகு பாயைத் திருப்பி இடப்புறம் சாய்வாகக் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்து போனால், காற்று வரும் திசைக்கே சென்று சேரலாம். படகு பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் தடுக்க, நீருக்குள் ஒரு பலகையை இறக்குகிறார்கள். மலைமேல் ஏறும் பாதை வளைந்து செல்வதைப் போலத்தான் இதுவும்!

பாய்மரக் கலை நமக்குப் புதிதன்று. "கட்டுமரம்" என்ற நம் சொல்லே உலகச் சொல் ஆகிவிட்டது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697இல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். இன்று மேலைநாடுகளில் இரட்டை உடல் கொண்ட படகுகளையெல்லாம் இச்சொல்லாலேயே அழைக்கிறார்கள். நம் கட்டுமரமோ மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது. உருவம் வேறு, பெயர் மட்டும் நம்முடையது.

கரையிலிருந்து சற்றுத் தொலைவில், மணல் தரையாகப் பார்த்து நங்கூரம் போட்டார் அண்ணன். பவளப்பாறையின்மேல் நங்கூரம் போடக் கூடாதாம். பிறகு எங்களுக்கு மிதவை அங்கியும், முகக்கண்ணாடியும், ஸ்நார்க்கெல் என்னும் மூச்சுக் குழாயும் தந்தார்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் ஒளிவிலகல் படிக்கிறோம் அல்லவா? அந்தப் பாடம் அங்கே உயிர் பெற்றது. வெறுங்கண்ணால் நீருக்குள் பார்த்தால் எல்லாம் மங்கலாகத் தெரியும். காற்றிலிருந்து வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும்படி அமைந்தது நம் விழியின் முன்பகுதி. நீரின் ஒளிவிலகல் எண்ணும் விழியின் ஒளிவிலகல் எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், நீருக்குள் ஒளி போதிய அளவு வளைவதில்லை. முகக்கண்ணாடி கண்ணுக்கு முன்னே சிறிது காற்றைத் தேக்கி வைத்துக் குறையைத் தீர்க்கிறது. ஆனால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். எங்கள் தோழி ஒருத்தி தன் கையளவு மீனைப் பார்த்துச் "சுறா!" என்று அலறியதற்குக் காரணம் இதுவே.

மூச்சுக் குழாய் ஒரு முழ நீளந்தான். "இன்னும் நீளமான குழாய் இருந்தால் ஆழத்துக்குப் போகலாமே?" என்று கேட்டோம். முடியாது. பத்து மீட்டர் ஆழத்தில் நீர் மட்டும் தரும் அழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். ஒரு மீட்டர் ஆழத்திலேயே அதில் பத்தில் ஒரு பங்கு நம் மார்பை நெருக்கும். மூச்சை உள்ளிழுப்பதே பெரும்பாடாகிவிடும். மேலும், நீளமான குழாயில் நாம் வெளிவிட்ட காற்றே தங்கி, அதையே மீண்டும் சுவாசிக்க நேரிடும். ஆகவே நீர்மட்டத்தில் குப்புற மிதந்துகொண்டு கீழே பார்ப்பதுதான் முறை.

முகத்தை நீரில் வைத்தோம். ஆஹா, அந்த முதல் நிமிடத்தை எப்படி எழுதுவது? மேலே அலையோசை, கீழே பேரமைதி. மான்கொம்பு போன்ற பவளங்கள், மனித மூளை போல் மடிப்புகள் கொண்ட உருண்டைகள், அவற்றிடையே மஞ்சளும் கறுப்பும் கோடிட்ட வண்ணத்துப்பூச்சி மீன்கள், பாறையைக் கொறிக்கும் கிளிமீன்கள். இவற்றையெல்லாம் யார் பார்க்கவென்று இறைவன் இத்தனை வண்ணம் தீட்டி வைத்தார் என்று எண்ணினோம்.

அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது. எங்களில் ஒருத்தியின் குழாயில் சிறிது உப்புநீர் புகுந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது. மிதவை அங்கி இருந்தும், மூழ்கிவிடுவோம் என்று அஞ்சித் தரையைத் தேடிக் காலை ஊன்றினாள். "தாயி, கால ஊனாதே!" என்று படகிலிருந்து குரல் வந்தது. அதற்குள் "மளுக்" என்று ஏதோ முறிந்தது. ஒரு பவளக் கிளை உடைந்து மணலில் விழுந்தது. அவள் பாதத்திலும் கீறல். அவளைப் படகில் ஏற்றிக் காயத்தைக் கழுவிய பிறகு, "புண் நாலு நாளில் ஆறிவிடும் தாயி. அது ஆற வருசமாகும்" என்றார் அண்ணன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவே எங்களுக்கு அதிகமாக உறைத்தது.

பவளம் என்பது கல் அன்று, செடியும் அன்று, அது உயிரினங்களின் குடியிருப்பு. பாலிப் என்னும் மிகச்சிறிய உயிர்கள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு தயாரித்து வாடகையாகத் தருகின்றன. வண்ணத்துக்கும் பெரும்பாலும் அப்பாசிகளே காரணம். கிளைப் பவளம் மிக வேகமாக வளர்ந்தாலும் ஆண்டுக்குப் பத்துச் சென்டிமீட்டர் அளவுதான். உருண்டைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. நம் தோழியின் ஒரு மிதியில் போனது எத்தனை ஆண்டு உழைப்பு என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

நம் ஒருத்தியின் கால் மட்டுமா குற்றவாளி? முற்காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் இங்கே பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள் உண்டு. அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள், அரணாக இருந்த பாறைகள் போனமையால் கடலில் மூழ்கிவிட்டன. 1986இல் இப்பகுதி தேசியக் கடல் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. இன்று பவளத்தை உடைப்பதும், ஒரு துண்டை நினைவுப் பொருளாக எடுத்து வருவதும் சட்டப்படி குற்றம். வனத்துறையின் அனுமதியின்றித் தீவுகளில் இறங்கவும் கூடாது. இவற்றுக்கு மேலும் ஓர் ஆபத்து வந்திருக்கிறது. கடல் வெப்பம் மிகுந்தால் பாலிப்புகள் தம் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இவ்வாறு பவளங்கள் வெளுத்து, பல மடிந்தன.

"பெண்பிள்ளைகளுக்கு எதற்கு இந்தக் கடல் வேலை?" என்று வீட்டில் பாட்டிமார் கேட்டது எங்கள் நினைவில் இருந்தது. அதற்கு விடை பாம்பனில் கிடைத்தது. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பெண்களே கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணுக்குக் கண்ணாடி. மூச்சுக் குழாய்கூட இல்லை, மூச்சை அடக்கியே மூழ்குகிறார்கள்! அவர்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் அகார் தயாராகிறது. பாசி மீண்டும் தழைக்க வேண்டும் என்பதற்காக, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான லட்சுமி மூர்த்தி அம்மாளுக்கு 2015இல் சீகாலஜி என்னும் பன்னாட்டுப் பரிசு கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்காகக் கடலில் இறங்குபவர்கள் இவ்வளவு பொறுப்போடு இருக்கும்போது, வேடிக்கை பார்க்கப் போகும் நாம் எவ்வளவு பொறுப்போடு இருக்க வேண்டும்!

இனி, நீங்கள் செல்வதானால் நினைவில் கொள்ள வேண்டியவை இவை. தாவணியும் துப்பட்டாவும் நீரில் காலைச் சுற்றிக்கொள்ளும். உடலோடு ஒட்டிய முழுக்கை நீச்சலுடையே நல்லது. அது வெயிலையும் தடுக்கும். பவளத்துக்குத் தீங்கு செய்யும் பூச்சுகளும் அதிகம் வேண்டியதில்லை. படகில் தலை சுற்றினால் தொடுவானத்தையே பாருங்கள். ஓர் இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். சொறி என்னும் இழுதுமீன் மிதந்து வந்தால் விலகிவிடுங்கள். கரைக்காற்று கடலை நோக்கி வீசும்போது மிதப்பவரை மெல்ல உள்ளே தள்ளிவிடும். ஆதலால் படகை விட்டு விலகாதீர்கள். எப்போதும் இருவராகவே இறங்குங்கள். முத்துக் குளிப்பவன் தன் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பான் என்பார்கள். தன் தங்கை விதவையாவதை விரும்பாதவன் கயிற்றை விடமாட்டான் அல்லவா? 1542இல் புனித சவேரியார் வந்திறங்கிய முத்துக்குளித்துறையின் அறிவு அது.

எல்லாவற்றிலும் முதலாவது, நீச்சல். நீந்தத் தெரிந்தவள் பதறமாட்டாள். பதறாதவள் கால் ஊன்றமாட்டாள். நம் உயிருக்கு மட்டுமன்றி, நம் காலடியில் இருக்கும் உயிர்களுக்கும் அதுவே காவல். மெரினாவில் மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது. வேளச்சேரியில் 1995ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய குளம் இருக்கிறது. நம் சென்னையில் வளர்ந்த நேத்ரா குமணன், பாய்ப்படகுப் போட்டியில் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமையை 2021இல் அடைந்தார். அவருக்கும் நமக்கும் முன்னே இருப்பது ஒரே கடல்தான்.

அன்று கால் ஊன்றிய எங்கள் தோழி, பள்ளி திறந்த வாரமே நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். "அலை ஓய்ந்த பிறகா தலை முழுகுவது?" என்று இப்போது அவள்தான் எங்களை இழுக்கிறாள். நாங்களும் சேர்ந்துவிட்டோம். தோழியரே, நீங்கள் எப்போது வரப் போகிறீர்கள்?