பழைய மோட்டார் வண்டியில் புகைக் கசிவு

மும்பையின் கிழக்கே, தானே கடற்கழியை அடுத்துள்ள தேவ்நாருக்குச் சில மைல் தூரத்தில் இருப்பது குர்லா. அங்கிருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில், 1964 முதல் 'பியட் 1100 டிலைட்' என்றும், பின்னர் 'பத்மினி' என்றும் பெயர் பெற்ற கார்கள் தயாராயின. நகரின் கறுப்பு-மஞ்சள் டாக்ஸிகளாகப் பல்லாண்டு ஓடிய இவை, 2023 அக்டோபரில் அச்சேவையினின்றும் விடைபெற்றன. எனினும், சொந்த வண்டிகளாகச் சில பத்மினிகளும், பழைய ஜீப்புகளும் இன்றும் நடமாடுகின்றன. இத்தகைய முதிய வண்டிகளில் எளிதில் தோன்றி, எளிதில் மறைந்துகொள்ளும் கோளாறு ஒன்றுண்டு.

நான்கு ஓடைகள் ஒன்றாய்க் கலப்பதுபோல, சிலிண்டர்களில் எரிந்த வாயுக்களை ஒன்றுசேர்த்துச் சைலன்ஸருக்கு அனுப்பும் வார்ப்பிரும்பு உறுப்பை 'எக்ஸாஸ்ட் மானிபோல்ட்' என்பர். இதனைப் புகைசேர்குழாய் எனலாம். எஞ்சின் பளுவுடன் உழைக்கையில் இது பல நூறு டிகிரி வெப்பமடைகிறது, நின்றதும் குளிர்கிறது. இவ்வாறு நாள்தோறும் விரிந்தும் சுருங்கியும் வருவதால் இரும்பில் வெடிப்பு உண்டாகலாம், இணைப்பிலுள்ள காஸ்கெட் கருகலாம், ஸ்டட்டுகள் முறியலாம். கடற்காற்றின் உப்பு துருவை வளர்க்கிறது. மழைக்காலத்தில் தேங்கிய நீர் காய்ந்த இரும்பின்மீது தெறிப்பதும் தீங்கே.

கேட்க வேண்டிய நேரம்

கசிவை அறிய உகந்த சமயம் விடியற்காலை. இரவு முழுவதும் குளிர்ந்திருந்த எஞ்சினை முடுக்கியவுடன் 'டிக், டிக்' என்னும் ஓசை எழும். வேகத்தைக் கூட்டினால் ஓசையும் விரைவுபடும். சில நிமிஷங்களில் இரும்பு சூடேறி விரிய, இடுக்கு குறுகி ஓசை தணியும். நண்பகலில் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு சென்றால் கோளாறு புலப்படாமற் போவது இதனாலேயே. ஆனால், ஓசை அடங்கியதனால் கசிவு நீங்கிவிட்டதென்று கொள்ளலாகாது.

டாப்பெட்டின் ஓசையும் ஏறக்குறைய இவ்வாறே இருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக், ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்காகச் செயலற்றதாக்கிப் பார்ப்பார். குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் எரிதல் நின்றதும் ஓசையும் குன்றினால், அது புகைக் கசிவே எனலாம். டாப்பெட் ஓசை பெரும்பாலும் மாறாது.

இடத்தைக் காணும் முறைகள்

முதலாவதாக, இணைப்புகளைச் சுற்றிலும் கரிப்படலம் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். இரண்டாவதாக, மூன்றடி நீள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை இணைப்பின் ஓரமாக நகர்த்தினால், கசியும் இடத்தில் ஓசை ஓங்கும். சுழலும் விசிறிக்கு அருகில் கையோ ஆடையோ செல்லலாகாது.

மூன்றாவது முறையே தெளிவானது. எஞ்சின் நன்கு குளிர்ந்தபின், அதனை இயக்காமலே, காற்றூதும் கருவியால் சைலன்ஸரின் வெளிவாய் வழியே மெதுவாகக் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளிக்க வேண்டும். கசிவுள்ள இடத்தில் குமிழிகள் எழும். சைக்கிள் டியூபின் துளையைக் காண்பதும் இதே தத்துவத்தால்தான் என்பதை ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துக் காட்டலாம்.

மணமற்ற நஞ்சு

கசியும் புகையில் கார்பன் மானாக்ஸைடு உள்ளது. நிறமும் மணமுமற்ற இவ்வாயு, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் விருப்புடன் இணைகிறது. எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையேயுள்ள தகட்டின் துளைகளில் ரப்பர் வளையங்கள் நைந்திருந்தால், வாயு உள்ளே புகும். பயணிகள் பலருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றினால், களைப்பென்று கருதாது, வண்டியை நிறுத்தி வெளிக்காற்றுக்கு வந்து, தாமதமின்றி மருத்துவ உதவி நாட வேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஒருபோதும் இயக்கலாகாது.

பாரத் ஸ்டேஜ் 2 விதிகளுக்கு முந்திய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிகளின் புகையில், எஞ்சின் மெல்ல ஓடுகையில், இவ்வாயு 3 சதவீதம் வரை அனுமதிக்கப்படுகிறது. கசிவின் வழியே வெளிக்காற்றும் உட்புகுந்து புகையை நீர்க்கச் செய்யக்கூடுமாதலால், சோதனைக் கருவி உண்மையினும் குறைந்த அளவைக் காட்டலாம். ஆகவே, சான்றிதழ் ஒன்றையே நம்பியிருத்தல் தகாது.

பழுது நீக்குதல்

பழைய காஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதனை உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்து அகற்றுக. இணைப்பு முகம் வளைந்துள்ளதா என நேரான எஃகுச் சட்டத்தை வைத்துப் பார்த்த பின்னரே, புதிய காஸ்கெட்டைப் பொருத்தி, நடுவிலிருந்து இருபுறமுமாக நட்டுகளைச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும்.

கிராமங்களுக்குப் பழைய ஜீப்பில் செல்லும் ஊழியர், புறப்படுமுன் பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் செவிசாய்ப்பது நலம். அந்த ஒரு நிமிஷத்தில் கேட்பது, பின்னர் நாள் முழுவதும் கேளாதிருக்கலாம்.