பள்ளி உளவியலாளர்: பட்ட மேற்படிப்பும் களப்பயிற்சியும்

வகுப்பில் பின்தங்கும் குழந்தைக்கு நம் பள்ளிகள் எளிதில் சூட்டிவிடும் பெயர் ‘மந்தம்’ என்பதாகும். ஆனால் பின்தங்குதல் ஓர் அறிகுறியே தவிர, காரணம் அன்று. காய்ச்சலுக்குப் பல மூலங்கள் இருப்பதுபோல இதற்கும் பல மூலங்கள் உண்டு. கரும்பலகையில் எழுதியது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாமல் இருக்கலாம், செவித்திறன் குறைந்திருக்கலாம், வீட்டு மொழி ஒன்றாகவும் பாடமொழி வேறாகவும் இருக்கலாம், எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் படிப்பதில் கற்றல் குறைபாடு இருக்கலாம், பசியோ, அச்சமோ, இல்லத்தில் நேர்ந்த இழப்போ காரணமாக இருக்கலாம். இவற்றுள் எது என்று பகுத்தறிந்து, ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தக்க வழி காட்டுவதே பள்ளி உளவியலாளரின் பணி. இப்பணிக்கு வேண்டிய பட்ட மேற்படிப்பு எத்தகையது, நம் நாட்டில் அதற்கு உள்ள வழிகள் யாவை, குறை எங்கே உள்ளது என்பவற்றை ஈண்டு காண்போம்.

துறையின் தோற்றம்

1896ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்பவர் உளவியல் சிகிச்சையகம் ஒன்றைத் தொடங்கினார். அங்கு முதலில் வந்தவன், எழுத்துப்பிழையின்றி எழுத இயலாத 14 வயதுச் சிறுவன். அவனை அழைத்து வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. ஆராய்ந்தபோது அவனுக்குக் கண்பார்வைக் குறையும் இருப்பது தெரியவந்தது. கண்ணாடி அணிவித்து, தனிப் பயிற்சியும் அளித்தனர். ஆசிரியரின் ஐயம், உளவியலாளரின் ஆய்வு, பின்னர்க் கற்பித்தலில் மாற்றம் என்ற மூன்று படிகளும் இம்முதல் நேர்விலேயே அமைந்திருந்தன. 1913இல் இலண்டன் மாநகர ஆட்சிமன்றம் சிரில் பர்ட் என்பவரைத் தன் பள்ளிகளுக்கான உளவியலாளராக நியமித்தது.

நம் நாட்டில் கல்கத்தா பல்கலைக்கழகம் 1916இல் உளவியலுக்குத் தனித்துறை கண்டது. விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே ஐக்கிய மாகாண அரசு அலகாபாத்தில் உளவியல் நிலையம் ஒன்றை நிறுவியது. டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக்குழு (1952–53), பள்ளிகளில் வழிகாட்டல் பணி வேண்டும் என வற்புறுத்தியது. 1954இல் மத்திய கல்வி, தொழில் வழிகாட்டல் நிலையம் அமைந்தது. கோத்தாரி கல்விக்குழு (1964–66), பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகர் வீதம் சுற்றிவரும் முறையைப் பரிந்துரைத்தது. ஆகவே இப்பணியின் தேவை இன்று நேற்று உணரப்பட்டதன்று.

இன்றுள்ள கல்வி வழிகள்

இத்துறையில் நுழைய விரும்பும் பட்டதாரிக்கு நம் நாட்டில் பெரும்பாலும் நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, உளவியலில் ஈராண்டு முதுகலைப் பட்டம். ஆளுமை, வளர்ச்சி நிலைகள், புள்ளியியல், ஆய்வுமுறை ஆகியவற்றில் இது நல்ல அடிப்படை தரும். இரண்டாவது, பல்கலைக்கழகங்கள் நடத்தும் வழிகாட்டல், ஆலோசனைப் பட்டயங்கள். மூன்றாவது, தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு நடத்தும் ஓராண்டுப் பட்டயம். பணியிலுள்ள ஆசிரியர்களை முதன்மையாகக் கருத்தில் கொண்ட இப்படிப்பில் தொலைநிலைக் கல்வி, நேர்முக வகுப்பு, பள்ளியில் உள்ளகப் பயிற்சி ஆகிய மூன்று பகுதிகள் உள்ளன. நான்காவது, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுவின் ஏற்பு பெற்ற மருத்துவ உளவியல் பயிற்சி. இதனை முடித்துப் பதிவு பெற்றவரே மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றலாம்.

இந்நான்கும் பயனுள்ளவையே. எனினும் ஒவ்வொன்றும் பள்ளி உளவியலின் ஒரு பகுதியையே தொடுகிறது. முதுகலை மாணவர் சோதனைகளை அறிவார். நாற்பது குழந்தைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறையை அறியார். ஆசிரியர் வகுப்பறையை அறிவார். அளவீட்டின் நுட்பங்களை முழுதும் பயின்றிரார். மருத்துவ உளவியலாளர் நோயை அறிவார். ஆனால் அவரது பயிற்சி பெரும்பாலும் மருத்துவமனையில் நிகழ்வது. இம்மூன்று அறிவையும் ஒருவரிடத்தில் ஒன்றுசேர்ப்பதே பள்ளி உளவியல் கல்வியின் நோக்கமாதல் வேண்டும்.

அமெரிக்காவில் இந்த இணைப்பு முறையாக அமைந்துள்ளது. அங்குப் பள்ளி உளவியலுக்கான சிறப்புநிலைப் படிப்பு, இளங்கலைக்குப்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீளும். இறுதியில் 1,200 மணிநேர உள்ளகப் பயிற்சி உண்டு. அதில் குறைந்தது 600 மணிநேரம் பள்ளியிலேயே, தகுதிபெற்ற மூத்தவரின் மேற்பார்வையில் நிகழ வேண்டும் என்று அந்நாட்டுத் தேசியப் பள்ளி உளவியலாளர் சங்கம் வகுத்துள்ளது.

மேற்பார்வையில் கற்பவை

உள்ளகப் பயிற்சிக்கு இத்துணை முதன்மை ஏன்? நான்காம் வகுப்பில் படிக்கத் தடுமாறும் ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். அனுபவமற்ற பட்டதாரி உடனே நுண்ணறிவுச் சோதனையை எடுப்பார். ஓர் எண் கிடைக்கும். அறிக்கையில் அதை எழுதுவார். மேற்பார்வையில் பயின்றவரோ முதலில் கண்ணையும் செவியையும் சோதிக்கச் செய்வார். வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார். சிறுவனின் பழைய நோட்டுப் புத்தகங்களைப் புரட்டி, எவ்வகைப் பிழைகள் மீண்டும் மீண்டும் வருகின்றன என்று குறிப்பார். வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து கவனிப்பார். தாயிடம் குழந்தையின் வளர்ச்சி வரலாற்றைக் கேட்பார். சோதனை இவற்றுக்கெல்லாம் பின்னரே வரும்.

சோதனைக் கருவிகளிலும் எச்சரிக்கை தேவை. பினே சோதனையை மராத்தி, கன்னட மொழிகளுக்கேற்பத் தழுவி அமைத்த வி. வி. காமத்தின் அளவை, எழுத்தறிவில்லாதோருக்கும் பயன்படும் பாட்டியாவின் செயல்திறன் சோதனைத் தொகுதி (1955), இந்தியக் குழந்தைகளுக்காக மாலின் உருவாக்கிய அளவை ஆகியவை நம் நாட்டு முன்னோடி முயற்சிகள். ஆனால் ஒரு சோதனையின் மதிப்பெண், அது எந்தக் குழந்தைகளோடு ஒப்பிட்டுக் கணிக்கப்பட்டதோ அதைப் பொறுத்தே பொருள்படும். ஒப்பீட்டு அளவு பழமையானால் மதிப்பெண் உண்மையைவிட உயர்ந்து தோன்றக்கூடும். குழந்தை நன்கறியாத மொழியில் சோதித்தால் தாழ்ந்து தோன்றும். சந்தாலி பேசும் குழந்தையை இந்தியிலும், துளு பேசும் குழந்தையை ஆங்கிலத்திலும் சோதித்துவிட்டு அறிவுக் குறைவு என்று எழுதுவது அறிவியலாகாது. அந்த ஒரு வரி குழந்தையின் பள்ளி வாழ்வு முழுதும் அதனைத் தொடரக்கூடும்.

சட்டமும் நெறியும்

பயிற்சியில் சட்ட அறிவும் இடம்பெற வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் (2009), பள்ளிச் சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் சோதனைகளுக்குத் தடை விதித்துள்ளது. உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் விலக்கியுள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016), குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. இதற்கான சான்று வழங்குவது உரிய மருத்துவ அதிகாரக் குழுவின் பொறுப்பு. தொடக்கத்திலேயே அடையாளம் கண்டு அனுப்புவது பள்ளியின் பொறுப்பு. மாணவர் கூறுவதை மறைவாகக் காப்பது ஆலோசகரின் கடமை. ஆயினும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் (2012) கீழ் வரும் குற்றம் தெரியவந்தால், அதனை உரியவர்க்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இவ்விரு கடமைகளும் மோதும் வேளையில் எவ்வாறு நடப்பது என்பதை, உண்மையான நேர்வுகளை மூத்தவரோடு கலந்தாய்ந்தே கற்க இயலும்.

தேவையும் ஆளும்

தேசியக் கல்விக் கொள்கை (2020), பள்ளிகளிலும் பள்ளி வளாகங்களிலும் ஆலோசகர்கள் வேண்டும் என்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள், குழந்தைகள், இளம்பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று பணித்தது. சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள வல்லுநர்களோடு முறையான தொடர்பு கொள்ள வேண்டும் என்றும் கூறியது.

2023–24ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி நம் பள்ளிகளில் ஏறத்தாழ 24.8 கோடி மாணவர்கள் பயின்றனர். அமெரிக்கச் சங்கம் பரிந்துரைக்கும் 500 மாணவர்க்கு ஓர் உளவியலாளர் என்ற விகிதத்தைக் கொண்டால், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் தேவை. இத்தனை பேரை முழுநிலைப் பயிற்சி தந்து விரைவில் உருவாக்குதல் எளிதன்று. எனவே படிநிலை அமைப்பே நடைமுறைக்கு உகந்தது. பள்ளிதோறும் பட்டயம் பெற்ற ஆசிரியர்-ஆலோசகர் ஒருவர்; கோத்தாரி குழு எண்ணியதுபோல் பள்ளித் தொகுதிக்கு ஒரு முதுநிலை உளவியலாளர்; மாவட்ட மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளர் என அமையலாம். நடுவில் நிற்கும் முதுநிலை உளவியலாளர், கீழுள்ளவர்க்கு மேற்பார்வையாளராகவும், மேலுள்ளவரோடு இணைப்பாகவும் இருப்பார்.

சேருமுன் கேட்க வேண்டியவை

இத்துறையை நாடும் மாணவர்கள், படிப்பின் பெயரையும் கட்டணத்தையும் மட்டும் பார்த்தல் போதாது. மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சி எத்தனை மணிநேரம்? அது உண்மையில் பள்ளியில் நிகழ்கிறதா? மேற்பார்வை செய்பவர் பள்ளியில் பணியாற்றியவரா? உள்ளூர் மொழியில் பேட்டி காணவும் அறிக்கை எழுதவும் கற்பிக்கிறார்களா? கிடைக்கும் தகுதி எந்தப் பணிக்கு, எந்தப் பதிவுக்கு ஏற்றது? இவ்வினாக்களுக்கு நிறுவனம் தெளிவான விடை தர வேண்டும்.

நியமன அதிகாரிகளுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். ஓர் ஆணையால் ஒரே நாளில் பணியிடத்தை உருவாக்கிவிடலாம். அவ்விடத்தில் அமரும் ஆளை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும். பணியிடங்களைப் பெருக்கும்போதே, பயிற்சி மாணவர்களை ஏற்கும் பள்ளிகளையும், வழிநடத்தும் மூத்தோரையும், இந்திய மொழிகளில் புதுப்பிக்கப்பட்ட சோதனைகளையும் பெருக்குதல் வேண்டும். இல்லையேல், ‘மந்தம்’ என்ற பழைய பெயரை ஓர் எண்ணின் வடிவில் மீண்டும் சூட்டுவதாகவே நம் முயற்சி முடியும். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தையின் காரணத்தைக் கண்டறியவல்லவரை அப்பள்ளிக்கு அனுப்புவதே இக்கல்வியின் பயனாகும்.