அப்பாவின் ஸ்மார்ட்போன் திறக்க மறுத்த பைல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "இமெயிலில் பைல் வந்திருக்கிறது. ஆனால் திறக்க முடியவில்லையே, ஏன்?" கேள்வி சின்னதுதான். ஆனால் இதே சிக்கலுக்கு எங்கள் வீட்டில் ஒரு முறை 300 மேஜை விரிப்புகளை விலையாகக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கதையைச் சொல்லி, அதன் பின்னால் இருக்கும் தொழில்நுட்பத்தையும் விளக்குகிறேன். உங்கள் கம்ப்யூட்டருக்கும் இது பயன்படும்.

நான் இப்போது சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியர். இது நடந்தபோது கரூரில் ஏழாம் வகுப்பு படித்துக் கொண்டிருந்தேன். அப்பா அங்கே சிறிய தையல் யூனிட் நடத்தி வந்தார். ஏற்றுமதி நிறுவனங்கள் துணியும் அளவுகளும் கொடுக்கும். வெட்டித் தைத்து, மடித்து, பேக் செய்து தர வேண்டும். ஆர்டர் விவரங்கள் இமெயிலில் வரத் தொடங்கியதால் 2009 தீபாவளிக்கு கீபேட் உள்ள ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்கினார். "இனிமேல் ஆபீஸ் உங்கள் சட்டைப் பையில் இருக்கும்" என்றார் கடைக்காரர்.

2010 ஜனவரியில் ஒரு நாள் அப்பா ஈரோட்டுக்குப் பஸ்சில் போய்க் கொண்டிருந்தார். அவசர ஆர்டர் ஒன்று இமெயிலில் வந்தது. கடிதம் திறந்தது, ஆனால் அளவுகள் இருந்த எக்செல் பைல் திறக்கவில்லை. 'இந்த பைல் வகையை ஆதரிக்க இயலாது' என்ற பொருளில் ஒரு வரி மட்டும் திரையில் வந்தது. நான்கைந்து முறை முயற்சி செய்துவிட்டு, ஏற்றுமதி நிறுவனத்துக்கே போன் செய்து கேட்டார். "நீளம் இருநூத்தி நாப்பது" என்று அவர்கள் சொன்னது பஸ் இரைச்சலில் "நூத்தி நாப்பது" என்று காதில் விழுந்தது. அதையே யூனிட்டில் இருந்த கட்டிங் மாஸ்டருக்கும் சொன்னார். மாலையில் அப்பா வீடு திரும்பியபோது 300 விரிப்புகள் 140 செ.மீ. நீளத்தில் வெட்டப்பட்டிருந்தன. நீளமாக வெட்டியிருந்தால் குறைக்கலாம். குறைவாக வெட்டிய துணியை என்ன செய்வது? துணியின் விலையை அப்பாதான் கொடுத்தார்.

போன் கெட்டுப் போகவில்லை. நெட்வொர்க்கும் இருந்தது. பிறகு தவறு எங்கே?

எக்ஸ்எல்எஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ்: என்ன வேறுபாடு?

எக்செல் பைல்களின் பெயர் பல ஆண்டுகளாக எக்ஸ்எல்எஸ் என்று முடிந்து வந்தது. ஆபீஸ் 2007 பதிப்பில் மைக்ரோசாப்ட் பைலின் அமைப்பையே மாற்றியது. பெயரின் முடிவில் ஓர் 'எக்ஸ்' சேர்ந்து எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆனது. நம் கண்ணுக்கு ஒரே ஓர் எழுத்து. உள்ளேயோ முற்றிலும் வேறான பைல்.

பழைய வகை, எக்செல் போன்ற புரோகிராம்கள் மட்டுமே படிக்கக் கூடிய பைனரி பைல். புதிய வகை, பல சிறிய எக்ஸ்எம்எல் பைல்களைச் சேர்த்துச் சுருக்கிய ஜிப் பைல். நம்பிக்கை வரவில்லையா? நீங்களே சோதித்துப் பாருங்கள். ஓர் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் பைலைக் காப்பி எடுத்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் 11 என்றால் போல்டரில் 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது பெயரின் கடைசிப் பகுதி தெரியும். காப்பி எடுத்த பைலில் அந்தப் பகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே பல போல்டர்கள் இருக்கும்.

அப்பாவின் போனில் இருந்த புரோகிராம் பழைய வகையை மட்டுமே அறியும். அனுப்பியவரின் கம்ப்யூட்டரில் இருந்தது புதிய ஆபீஸ். அவர் 'சேவ் அஸ்' கட்டளையில் 'எக்செல் 97-2003 ஒர்க்புக்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் 300 விரிப்புகளும் தப்பியிருக்கும். அது அவருக்கும் தெரியாது. கேட்க வேண்டும் என்று அப்பாவுக்கும் தெரியாது.

மற்ற தொல்லைகள்

அந்த போனில் வேலை பார்ப்பதில் வேறு சங்கடங்களும் இருந்தன.

முதலில் வேகம். தனியார் நிறுவனங்களுக்கான 3ஜி ஏலமே 2010-ல்தான் நடந்தது. அதுவரை பெரும்பாலோருக்கு ஜிபிஆர்எஸ் இணைப்புதான். நொடிக்கு 40 கிலோபிட் கிடைத்தது என்று வைத்துக் கொள்வோம். ஒரு எம்பி பைல் என்பது சுமார் 8,000 கிலோபிட். 8,000-ஐ 40-ஆல் வகுத்தால் 200 நொடி. அதாவது மூன்று நிமிடத்திற்கும் மேல். நடுவில் இணைப்பு துண்டித்தால் பல நேரம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்தது மெமரி. அக்கால ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் 64 அல்லது 128 எம்பி ராம்தான் இருக்கும். இன்று 4 ஜிபி சாதாரணம். 128 எம்பியைப் போல 32 மடங்கு. அப்பா பிரவுசரைத் திறந்தபடியே இமெயிலுக்குப் போனால் முன்னது தானாக மூடிக் கொள்ளும். பாதி எழுதிய பதில் போய்விடும்.

இது அப்பாவின் போனுக்கு மட்டும் உரிய குறை அல்ல. ஐபிஎம் நிறுவனம் உருவாக்கி, 1994-ல் விற்பனைக்கு வந்த 'சைமன்' முதல் ஸ்மார்ட்போன் என்று சொல்லப்படுகிறது. அதில் தொடர்ந்து பேசினால் சார்ஜ் ஏறக்குறைய ஒரு மணி நேரமே நிற்கும். விண்டோஸ் மொபைல் 5.0 பதிப்பு 2005-ல் வருவதற்கு முன்பு, அந்த வகைக் கருவிகளில் முகவரிகளும் குறிப்புகளும் ராமிலேயே வைக்கப்பட்டன. பேட்டரி முழுதும் தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். 2007-ல் வெளிவந்த ஐபோனில் 'காப்பி, பேஸ்ட்' வசதியே இல்லை. 2009 ஜூனில்தான் வந்தது. ஓர் இமெயிலில் உள்ள முகவரியை வேறிடத்தில் சேர்க்க, பார்த்துப் பார்த்து டைப் செய்ய வேண்டும்.

கை கொடுத்த எஸ்எம்எஸ்

விரிப்பு சம்பவத்திற்குப் பிறகு அப்பா ஒரு பழக்கத்தை வைத்துக் கொண்டார். எந்த அளவையும் வாய்மொழியாக ஏற்க மாட்டார். "எஸ்எம்எஸ்ஸில் போட்டு விடுங்கள்" என்பார். விலை கொடுத்து வாங்கிய ஸ்மார்ட்போனில் அவருக்கு அதிகம் உதவியது, சாதாரண போனிலும் இருந்த அந்த வசதிதான்.

காரணம் எளிது. எஸ்எம்எஸ்ஸுக்கு இன்டர்நெட் வேண்டாம். ஆங்கில எழுத்தில் 160 எழுத்துகள், தமிழில் 70 எழுத்துகள் என்பதே அதன் எல்லை. அதற்குள் அடங்கும் ஆங்கில எழுத்துச் செய்தியை எந்த போனும் படிக்கும். எந்தப் பதிப்பு, எந்த புரோகிராம் என்ற கேள்வியே இல்லை.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு

சென்ற மாதம் அந்த போன் மீண்டும் வெளியே வந்தது. அக்காவின் கல்யாணத்திற்குப் பழைய கட்டிங் மாஸ்டரை அழைக்க வேண்டும் என்று அப்பா விரும்பினார். மாஸ்டர் எப்போதோ சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவருடைய எண் பழைய போனில் மட்டுமே இருந்தது. "தம்பி, நீ இன்ஜினியர்தானே, எடுத்துக் கொடு" என்றார்.

பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். உப்பிய பேட்டரிக்கு ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள். இது நன்றாக இருந்தது. பழைய ஊசி முனை சார்ஜரைத் தேடி வாங்கினேன். போன் உயிர் பெற்றது.

எல்லா எண்களையும் எனக்கே இமெயிலில் அனுப்பி விடலாம் என்று நினைத்தேன். வை-பை இணைந்தது, ஆனால் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்கவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, பேட்டரி காலியாக இருந்ததால் போனின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. ஒவ்வொரு பாதுகாப்பான தளத்திற்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை என்றுதான் செல்லும். தேதி தவறாக இருந்தால் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். வீட்டு டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரி தீர்ந்து தேதி மாறினாலும் இதே எச்சரிக்கை வரும். இன்டர்நெட்டைக் குறை சொல்லும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.

தேதியைச் சரி செய்தும் தளங்கள் திறக்கவில்லை. அது இரண்டாவது காரணம். தகவலைப் பூட்டி அனுப்பும் முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். அதன் 1.0 பதிப்பு 1999-ல் வந்தது, 1.2 பதிப்பு 2008-ல் வந்தது. பழைய பதிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2021-ல் முறைப்படி அறிவித்து விட்டார்கள். போன் பழைய பூட்டை நீட்டுகிறது. தளம் புதிய பூட்டைக் கேட்கிறது. பேச்சு அங்கேயே நின்று விடுகிறது.

கடைசியில் உதவியது மெமரி கார்டு. போனின் காண்டாக்ட்ஸ் மெனுவில், எண்களை மெமரி கார்டுக்குக் காப்பி செய்யும் வசதி இருந்தது. கார்டை ரீடர் மூலம் லேப்டாப்பில் போட்டேன். 438 சிறிய பைல்கள். எல்லாம் விசிஎப் வகை. இது 1990-களில் உருவான வி-கார்டு என்ற பொதுவான முறை. நோட்பேடில் திறந்தாலே பெயரும் எண்ணும் படிக்கும்படி இருக்கும். இன்றைய போன்களும் இதை ஏற்கும். புதிய எக்செல்லைப் படிக்க முடியாத அதே போன், பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் தன் முகவரிகளைப் பத்திரமாகக் கொடுத்து விட்டது!

எஸ்எம்எஸ்களை அப்படி எடுக்க வழி கிடைக்கவில்லை. வேண்டியவற்றைத் திரையிலேயே படம் எடுத்துக் கொண்டேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை

கருவி நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அது பேச வேண்டிய மற்ற கருவிகளுக்கும் அதன் மொழி புரிய வேண்டும். இன்று உங்கள் கம்ப்யூட்டர் புதியது. ஒரு நாள் அதுவும் பழையதாகும். எனவே,

1. பைல் அனுப்பும் முன், பெறுபவரிடம் என்ன புரோகிராம் இருக்கிறது என்று கேளுங்கள். திருத்தத் தேவையில்லாதவற்றை பிடிஎப் ஆக அனுப்புங்கள்.

2. அளவு, தொகை, தேதி போன்ற முக்கிய விவரங்களை இமெயிலின் உள்ளேயும் ஒரு வரி எழுதி விடுங்கள். இணைப்பு திறக்காவிட்டாலும் அந்த வரி காப்பாற்றும்.

3. போன் எண்களை ஆண்டுக்கு ஒரு முறையாவது விசிஎப் பைலாக எடுத்து, கம்ப்யூட்டரிலும் பென் டிரைவிலும் வையுங்கள்.

4. புதிய சாப்ட்வேரோ கருவியோ வாங்கும்போது, "இதில் போடுவதை நாளை எப்படி வெளியே எடுப்பது?" என்று கேளுங்கள். சரியான பதில் கிடைக்கவில்லை என்றால் யோசித்து வாங்குங்கள்.

மாஸ்டரின் பழைய எண் இன்னும் உபயோகத்தில்தான் இருந்தது. அவர் மகன் எடுத்து மாஸ்டரிடம் கொடுத்தார். அப்பா கல்யாணத் தேதியையும் மண்டபத்தின் பெயரையும் சொன்னார். உடனே மாஸ்டர் கேட்டது இதுதான்: "அண்ணே, எதற்கும் எஸ்எம்எஸ் போட்டு விடுங்கள்!"