மைதாப் பசைக் காலமும் கிளிட்டர் ஷீட் காலமும்

இரவு எட்டரை மணிக்கு மேல் ஏதாவது ஒரு ஸ்டேஷனரி கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வேலை முடிந்து வந்த களைப்போடு ஓர் அம்மாவோ அப்பாவோ கட்டாயம் வருவார்கள். "அண்ணே, சோலார் சிஸ்டம் மாடல் செய்யணும். என்னென்ன வேணும்? காலையில மிஸ்கிட்ட கொடுக்கணுமாம்." கடைக்காரர் யோசிப்பதே இல்லை. சார்ட், கிளிட்டர் ஷீட், வண்ணப் பந்துகள், கம் என்று மளமளவென்று எடுத்து மேசைமேல் போடுகிறார். அதற்கும் நேரமில்லை என்றால் செய்துவைத்த மாடலே சில கடைகளில் கிடைக்கும். எரிமலை, காற்றாலை, மழைநீர் சேகரிப்பு எல்லாம் உண்டு. பெயரும் வகுப்பும் எழுதினால் போதும். அந்தப் பெயருக்குரிய பிள்ளை அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்.

காகிதம் அரிதாக இருந்த நாளில் பிள்ளைகள் கைவேலை செய்தார்கள். காகிதம் கொட்டிக் கிடக்கும் நாளில் அவர்களுக்காகப் பெரியவர்கள் செய்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளில் காகிதக் கைவேலையில் எத்தனையோ மாறியிருக்கின்றன. என் பார்வையில் பெரிய மாற்றம் இதுதான்.

1970களில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு இருந்தது. பாடநூலுக்கும் நோட்டுக்கும் சலுகை விலைக் காகிதத்தை எதிர்பார்த்துக் காத்திருந்த காலம் அது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் நோக்கோடு தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் தொடங்கப்பட்டது 1979இல். புகளூர் ஆலையில் உற்பத்தி ஆரம்பித்தது 1984இல். அதற்கு முன்பு வீடுகளில் ஒரு தாளும் சும்மா போகாது. முழுப் பரீட்சை முடிந்ததும் நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, அடுத்த வருஷத்துக்கு ரஃப் நோட்டு ஆக்குவார்கள். ஜூன் மாதம் அட்டை போடும் மாதம். சிவகாசியில் அச்சான பழைய மாதக் காலண்டர்த் தாளுக்குத்தான் முதல் மரியாதை. கனமும் வழவழப்பும் உள்ள தாள் அது. லட்சுமியும் முருகனும் உள்பக்கம் போக, தேதிகள் போட்ட பக்கத்தையோ வெள்ளைப் பக்கத்தையோ வெளியே வைத்து மடிப்போம். முதுகுப் பகுதியில் சின்னதாக இரண்டு வெட்டு வெட்டி உள்ளே திணிக்காவிட்டால் அட்டை ஒரு மாதம்கூடத் தாங்காது. அந்த வெட்டு ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. இன்று பல தனியார் பள்ளிகளில் பள்ளியின் பெயர் அச்சிட்ட உறையை நோட்டோடு சேர்த்துப் பள்ளியிலேயே விற்றுவிடுகிறார்கள்.

மிஞ்சிய காகிதம் விளையாட்டுக்குப் போனது. சாதாக் கப்பல், கத்திக் கப்பல், ராக்கெட், கேமரா, மைக்கூடு. கத்திக் கப்பல் செய்யத் தெரிந்தவனுக்கு வகுப்பில் தனி மதிப்பு. மழை நாளில் தெருவோரத் தண்ணீரில் விடுவதற்கு முன் அவன் முன்னால் வரிசை நிற்கும். யாரும் பாடமாக நடத்தியதில்லை. அண்ணனிடமிருந்து தம்பிக்கும், அடுத்த வீட்டு அக்காவிடமிருந்து நமக்கும் வந்து சேர்ந்த வித்தை அது.

ஆனால் காகிதத்தின் பெரிய நாள் என்றால் திருவிழாவுக்கு முந்தின ராத்திரிதான். மாரியம்மன் கோயில் கொடையோ, பள்ளி ஆண்டு விழாவோ, சுதந்திர தினமோ, எதுவானாலும் தோரணம் கையால்தான் ஒட்ட வேண்டும். முதலில் பசை. மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் விடாமல் கிளற வேண்டும். வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி வரும்போது இறக்கிவிட வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும். எலியும் பூச்சியும் வராமலிருக்க ஒரு துளி மயில்துத்தம் சேர்ப்பார்கள். அதைக் குழந்தைகள் கையில் கொடுக்க மாட்டார்கள். அடுத்தது வெட்டு. பெரிய அண்ணன்மார் வண்ணத்தாளைப் பத்துப் பதினைந்தாக அடுக்கி, மடித்து, ஒரே வெட்டில் முக்கோணக் கொடிகளாக ஆக்குவார்கள். கைதேர்ந்தவர்கள் அடியில் பூ வேலைப்பாடும் வெட்டுவார்கள். மடிப்பைப் பிரிக்கும்போது உள்ளே என்ன வந்திருக்கிறது என்று பார்க்கச் சுற்றிலும் தலைகள் முட்டிக்கொள்ளும். இரண்டு தூண்களுக்கு நடுவே சணல் நூலை இழுத்துக் கட்டிவிட்டு, கொடியின் மேல் விளிம்பை நூலின்மேல் மடித்து ஒட்டிக்கொண்டே போக வேண்டும். சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா என்ற வரிசை பிசகினால் ஒட்டியதைப் பிய்க்க வேண்டும். ஐந்து வயதுப் பொடியனுக்கும் வேலை உண்டு. வரிசைப்படி தாளை எடுத்து நீட்டுவது அவன் பொறுப்பு.

விடியும்போது தெரு முழுக்கத் தொங்கும். காற்றில் அது போடும் சலசலப்பே திருவிழா வந்துவிட்டதைச் சொல்லிவிடும். மழை வந்தால் சாயம் ஒழுகி, கீழே போகிறவர் வெள்ளைச் சட்டை பாழாகும். அதற்காக யாரும் தோரணம் கட்டாமல் இருந்ததில்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ராத்திரிக் கூட்டத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. பல ஊர்களில் தோரணம் ஊர்த்தெருவோடு நின்றுவிடும். காலனிப் பக்கம் போகாது. காலனிப் பிள்ளைகள் தங்கள் தோரணத்தைத் தாங்களே தனியாக ஒட்டினார்கள். அன்றைய அழகைப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

பெண் பிள்ளைகளின் காகித வேலை வீட்டுக்குள் நடந்தது. பழைய செய்தித்தாளையும் நோட்டுத் தாளையும் நாள்கணக்கில் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைப்பார்கள். வெந்தயத்தின் பிசுபிசுப்பு கூழைப் பிடித்து நிறுத்தும். கசப்பு பூச்சியை விரட்டும். பானையைக் கவிழ்த்து, அதன்மேல் கூழை ஒரே கனத்தில் அப்பி, வெயிலில் காயவைத்து உரித்தால் கூடை. மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைக்கவும் இதே கூழ்தான். பாட்டி அரைக்க, பேத்தி அப்ப, இரண்டு பேருக்கும் நடுவே கதை ஓடும். ஆட்டுக்கல் போனதோடு இதுவும் போயிற்று. கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் மாதம் நட்சத்திர மாதம். மூங்கிலைச் சீவி ஐந்து குச்சிகளில் ஒரு நட்சத்திரச் சட்டம், அதே அளவில் இன்னொன்று, முனைகளைச் சேர்த்துக் கட்டி நடுவில் சின்னக் குச்சிகளை முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். அதன்மேல் மெல்லிய வண்ணத்தாளை ஒட்டி, உள்ளே பல்பைத் தொங்கவிட்டால் தெருவுக்கே வெளிச்சம். எந்த வீட்டு நட்சத்திரம் பெரிது என்ற போட்டியில் மதம் பார்க்காமல் தெருப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள்.

காகிதத்தை மடிப்பது விளையாட்டு மட்டும் இல்லை என்பதைச் சென்னை மாகாணத்து வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார். சுந்தர ராவ் என்ற அவர், காகித மடிப்பின் வழியே வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூலை 1893இல் சென்னையில் வெளியிட்டார். குழந்தைப் பள்ளிகளின் காகித மடிப்புப் பயிற்சிதான் அவருக்குத் தூண்டுதல். துண்டுக் காகிதமும் ஒரு பேனாக்கத்தியும் இருந்தால் போதும். சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம் எல்லாவற்றையும் மடித்தே காட்டிவிடலாம் என்று விளக்கினார். ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அந்த நூலை எடுத்துக்காட்ட, 1901இல் அது சிகாகோவில் மறுபதிப்பு கண்டது. காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதைச் சுற்றி அமைக்கச் சொன்னது. அந்தக் கல்வி நிலைக்கவில்லை. ஆனாலும் அதன் நிழலாக நம் பள்ளிகளில் கைவேலைப் பீரியட் என்று ஒன்று வெகுநாள் இருந்தது. கணக்கு வாத்தியார் அதைக் கடன் கேட்கத் தொடங்கிய நாளில் அதன் இறங்குமுகம் ஆரம்பித்தது. பொதுத் தேர்வு மார்க்கே எல்லாம் என்றானபின் அட்டவணையில் பெயர் மட்டும் மிஞ்சியது.

தெருவிலும் மாற்றம் வந்தது. பிளாஸ்டிக் தோரணம் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. மழைக்கு நனையாது, சாயம் போகாது, ராத்திரி கண்விழிக்க வேண்டாம். அடுத்து ஃபிளெக்ஸ் வந்தது. தோரணம் கட்டிய இளைஞர்கள் போஸ்டரில் முகம் காட்டும் இளைஞர்கள் ஆனார்கள். சுதந்திர தினத்துக்குச் சட்டையில் குத்திய காகிதக் கொடி பிளாஸ்டிக் கொடி ஆகி, மறுநாள் சாக்கடையில் மிதந்தது. பிறந்த நாளுக்கு எழுத்து எழுத்தாக மினுங்கும் ஃபாயில் பலூன் வந்தது. வீட்டுக் குழந்தை அதில் செய்யக்கூடிய வேலை ஒன்றுமில்லை, எதிரே நின்று போட்டோ எடுத்துக்கொள்வதைத் தவிர.

காகிதத்துக்கு மறுபடி ஒரு வழியைத் திறந்தது சட்டம்தான். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குகளைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. பட்டியலில் பிளாஸ்டிக் கொடியும் உண்டு. 2022 ஜூலை 1 முதல் வந்த மத்திய அரசின் தடை அலங்காரத் தெர்மோகோலையும் சேர்த்துக்கொண்டது. இப்போது பள்ளி விழா மேடைகளில் காகிதப் பூக்களும் மடிப்பு விசிறிகளும் மீண்டும் தெரிகின்றன. கடைகளில் கிளிட்டர் ஷீட் விற்பனை மட்டும் குறைந்ததாகத் தெரியவில்லை. அதுவும் பிளாஸ்டிக் வகைதான் என்பது வாங்குகிறவர் பலருக்குத் தெரிவதில்லை.

இன்றைய காலத்தின் நல்ல பக்கத்தை மனம் திறந்து சொல்ல வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்பு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், வகுப்பறையின் தலைக்கு மேல் கம்பிப் பந்தல் போட்டது. பிள்ளைகள் வரைந்ததும் வெட்டி ஒட்டியதும் அதில் தொங்கின. தன் கோணல் மாணல் மீனைத் தினம் அண்ணாந்து பார்க்கும் பிள்ளைக்குப் பள்ளி தன்னுடையது என்ற எண்ணம் வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாளையொட்டிப் பிள்ளைகளைக் கூட்டிக் காகிதக் கொக்கு மடிக்கவைக்கிறார்கள். மடித்துக்கொண்டே போர் பற்றிப் பேசும் அந்தப் பிள்ளைகளின் கேள்விகள் பெரியவர்களைத் திணறவைக்கும். யூடியூபும் பெரிய கொடை. அண்ணனோ அக்காவோ சொல்லித்தர இல்லாத வீட்டில், மலையடிவாரத்துக் கிராமத்தில் இருக்கும் பிள்ளையும் தாமரை மடிக்கக் கற்றுக்கொள்கிறது. கை தவறினால் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்க்கிறது. குவில்லிங் தாளைச் சுருட்டிச் செய்த ஜிமிக்கிகள் எத்தனையோ கல்லூரிப் பெண்களுக்கும் வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் கைச்செலவுக்குப் பணம் கொடுத்தன. ஒரு காலத்தில் தோரணக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள்.

ஆக, திறமையும் வழியும் இருக்கின்றன. குறைவது பிள்ளைக்குக் கொடுக்கும் நேரமும் நம்பிக்கையும். தாளைக் கிழிப்பது, மடித்த விளிம்பை நகத்தால் நீவுவது, கோட்டிலிருந்து விலகாமல் கத்தரியை ஓட்டுவது எல்லாம் விரல்களுக்குப் பயிற்சி. எழுதப்போகும் விரல்களும் அவையே. கோணலாக வந்ததை ஏற்றுக்கொண்டு அடுத்ததைச் செய்யும் பொறுமையும் அங்கேதான் வருகிறது. அழகாக இருந்தால்தான் மார்க் என்று பள்ளி சொல்லும்போது பெற்றோர் கையைக் கொடுக்காமல் வேறென்ன செய்வார்கள்? பெற்றோரைவிட இதில் பள்ளிகளின் பொறுப்பே அதிகம் என்பது என் தீர்மானமான கருத்து. அரசின் பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் எடுக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அவர்கள் போராடிவந்திருக்கிறார்கள். கைவேலை சொல்லித்தருகிறவரை அரை ஆசிரியராக வைத்துக்கொண்டு, கைவேலையை முழுப் பாடமாக மதிக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காகித வேலையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வாரத்தில் ஒரு பீரியட் பழைய செய்தித்தாள், முனை மழுங்கிய கத்தரி, ஒரு கிண்ணம் மைதாப் பசை, இவற்றோடு வகுப்பறையிலேயே செய்யவிடுங்கள். செய்ததற்கு மார்க் போடாமல் பெயர் எழுதித் தொங்கவிடுங்கள். பெற்றோர்களே, அடுத்து வரும் பிறந்த நாளுக்குத் தோரணத்தை வாங்காமல் ஒரு வாரம் முன்பாகவே தாளையும் நூலையும் பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுங்கள். கோணலாக வந்தாலும் அதையே வாசலில் கட்டுங்கள்.